மலைக்கும் கேம்புக்கும் என்ன பாத்திரம் வாங்கலாம்? பெங்களூர்க்காரங்க சொல்லுங்க

அல்சூர்_ஏரி

வணக்கம். நாங்க நாலு பேர். ரெண்டு விதமான பயணத்துக்குப் பாத்திரம் பார்க்கிறோம். ஒண்ணு, சக்லேஷ்பூர், குடகு பக்கம் எஸ்டேட் கேம்ப்சைட். கார் கூடாரம் வரைக்கும் போகும், சனி ஞாயிறு தங்கல். இன்னொண்ணு டிசம்பர் கடைசியில உத்தராகண்ட்ல கேதார்காந்தா பனிமலை ஏற்றம். வழிகாட்டி ஒருத்தர் மட்டும் கூட வர்றார், சமையல் நாங்களே. சாப்பாடு நம்ம சாப்பாடுதான்: உப்புமா, சேமியா, பொங்கல், ரசம் சாதம், காபி.

ஆன்லைன்ல பத்து உருப்படி கொண்ட கேம்பிங் செட் நிறைய கிடைக்குது. அதுல ஒண்ணு வாங்கினாப் போதுமா? அலுமினியமா, எவர்சில்வரா, டைட்டானியமா? குக்கர் வேணுமா? வீட்டுப் பாத்திரத்தையே தூக்கிட்டுப் போனா என்ன குறை?

குன்றேறி

கடைக்குப் போகும் முன் மூன்றை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சுமப்பது காரா, முதுகா? எத்தனை பேர்? அதில் தண்ணீர் மட்டும் கொதிக்கப் போகிறதா, இல்லை சமையலே நடக்கப் போகிறதா? பலரும் மூன்றாவதை யோசிப்பதில்லை. பணம் வீணாவது அங்கேதான்.

மலையேற்றக் கடைகளில் தொங்கும் பாத்திரங்களில் பெரும்பாலானவை வெந்நீர் வைக்கச் செய்தவை. உலர்ந்த உணவுப் பொட்டலத்தில் வெந்நீரை ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது போதும், அதனால் அடி மெல்லியதாக இருக்கும். அதில் ரவையைக் கொட்டிக் கிளறினால் பர்னருக்கு நேர் மேலே வட்டமாகப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் வேகாமல் நிற்கும்.

உலோகக் கணக்கு இது. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைப் பரப்பும். இந்த விஷயத்தில் டைட்டானியமும் எவர்சில்வர் ஜாதிதான், பரப்பாது. எடையில், ஒரே கன அளவு அலுமினியம் 1 என்றால் டைட்டானியம் 1.7, ஸ்டீல் 3 அளவுக்கு வரும். அப்புறம் ஏன் டைட்டானியம் எடை குறைவு என்று பெயர் வாங்கியது? பலமான உலோகம் என்பதால் 0.3, 0.4 மி.மீ. தகட்டிலேயே பாத்திரம் செய்துவிடுகிறார்கள். அந்த மெல்லிய தகடுதான் சமைக்கும்போது எதிரியாகிறது.

உங்கள் சாப்பாட்டுக்கு முதுகில் சுமக்க ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியம். சூடு சீராகப் பரவும், எடையும் தாங்கும், மேலே உள்ள ஆக்சைடு படலம் புளியையும் தக்காளியையும் தாங்கும். பூச்சில்லாத வெள்ளை அலுமினியத்தில் ரசம் வைத்தால் உலோகம் கரைந்து ருசியும் கெடும், பாத்திரமும் கருக்கும்.

அளவு: ஒருவருக்கு 750 முதல் 900 மில்லி, இருவருக்கு 1.2 முதல் 1.5 லிட்டர், நாலு பேருக்கு 2.5 முதல் 3 லிட்டர். பொருளும் தண்ணீரும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. அகலமும் முக்கியம். உயரமான ஒல்லிப் பாத்திரத்தில் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும். 3 லிட்டருக்கு 18, 20 செ.மீ. விட்டம் இருந்தால் கிளறவும் வசதி.

அந்தப் பத்து உருப்படி செட்டில் பெரும்பாலும் ஒரு 1.2 லிட்டர் பாத்திரம், ஒரு சின்னது, ஒரு குட்டி வாணலி, மீதி பிளாஸ்டிக் கிண்ணமும் மடக்குக் கரண்டியும். 'மூன்று பேருக்கு' என்று போட்டிருப்பார்கள். அது மூன்று பேரின் வெந்நீர் கணக்கு. உப்புமா என்றால் இரண்டு பேர்.

எவர்சில்வர்

குன்றேறி சொன்னதுல முதுகுச் சுமைக்கு நான் மறுப்பு சொல்லலை. ஆனா கார் கேம்புக்கு எதுக்குத் தனியா வாங்கணும்? மூணு லிட்டர் தூக்குச்சட்டி ஒண்ணு போதும். தூக்கிப்பிடிக்க வளையம் இருக்கு, மூடி இருக்கு, விறகடுப்புல கொக்கி போட்டுத் தொங்கவிடலாம், மறுநாள் அதுலயே தண்ணி மொண்டு வரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தூக்கு மூடி இறுக்கமா உட்காரும். அடுப்புல இருக்கும்போது அதை அழுத்தி மூடாதீங்க. ஆவி சேர்ந்து மூடி துள்ளும், திறக்கும்போது முகத்துல அடிக்கும். சும்மா மேல சாய்ச்சு வையுங்க, இல்ல ஒரு தட்டைப் போடுங்க.

சிக்பேட்டைப் பாத்திரக் கடையில வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

கேஜ். நம்பர் ஏற ஏறத் தகடு மெலிசு. 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 22 கேஜ் சுமார் 0.7, 24 கேஜ் 0.55 வரும். அடுப்புல வைக்கிற தூக்குக்கு 20, 22 வேணும். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோற தூக்கு 24-க்கும் மெலிசா இருக்கலாம், அது அடுப்புக்கு ஆகாது.

காது. வளையம் மாட்டுற காது ரிவெட் அடிச்சதா, ஸ்பாட் வெல்டிங்கா? ரிவெட்னா பாத்திரத்துக்குள்ள தலை தெரியும். வெல்டிங்னா சின்ன வட்டத் தழும்பு மட்டும் இருக்கும். நிறைஞ்ச மூணு லிட்டர் தூக்கு நாலு கிலோவுக்குப் பக்கம் வரும். அடுப்புல சூடாகி ஆறி, சூடாகி ஆறி வெல்டிங்தான் முதல்ல விடும்.

கிரேடு. 304, 202 ரெண்டும் எவர்சில்வர் ரகம், 304 தான் ஒசத்தி. 'காந்தம் ஒட்டலை, அதனால 304' அப்படின்னு கடையில சொன்னா நம்பாதீங்க. 202-லயும் காந்தம் ஒட்டாது. அடியில 304 முத்திரை இருக்கான்னு பாருங்க, பில்லுல எழுதி வாங்குங்க. 202-ல நிக்கல் குறைவு, உப்புத் தண்ணி பட்டா புள்ளி புள்ளியா அரிக்கும். எந்த கிரேடா இருந்தாலும் குளிர்ந்த தண்ணியில உப்பைப் போட்டு அப்படியே வைக்காதீங்க. உப்பு அடியில தங்கி அந்த இடத்துல குழி விழும். கொதி வந்த பிறகு போடுங்க.

மத்திகெரே_மைனா

டைட்டானியத்தை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம் ப்ரோ. தனியாப் போறவங்களுக்கு 750 மில்லி மக் ஒண்ணு, மூடியோட 100 கிராம் அளவுலதான் வரும். அவல், ஓட்ஸ், உடனடி ரசம், காபி. இதுக்கு மேல சமைக்கலைன்னா அதுக்கு ஈடு கிடையாது. தீயில இருந்து எடுத்த கொஞ்ச நேரத்துலயே உதடு சுடாம குடிக்கலாம், துருப்பிடிக்காது, புளிக்கும் ஒண்ணும் ஆகாது.

ரெண்டு விஷயம் கவனிங்க. இரட்டைச் சுவர் மக்கை அடுப்புல வைக்கவே கூடாது. சுவருக்கு நடுவுல அடைபட்ட காற்று விரிஞ்சு வெடிக்கும். அப்புறம், கேஸ் டின் பாத்திரத்துக்குள்ள அடங்குமான்னு பாருங்க. 230 கிராம் டின் விட்டம் 11 செ.மீ. அளவு, ஒல்லியான 750 மில்லிக்குள்ள போகாது. 100, 110 கிராம் சின்ன டின்தான் போகும்.

நாலு பேருக்குச் சமைக்க டைட்டானியம் வாங்குறது மட்டும் காசுக்குப் பிடிச்ச கேடு.

அல்சூர்_ஏரி

இடையில ஒரு கேள்வி. ரசத்துக்கு வீட்டுல ஈயச்சொம்பு இருக்கு. கார் கேம்புக்கு எடுத்துட்டு வரலாமா?

எவர்சில்வர்

வேண்டாம். ஈயச்சொம்புல இருக்கிறது வெள்ளீயம், 232 டிகிரியிலயே உருகிடும். வீட்டுல சின்னத் தீயில, ரசம் உள்ள இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உயிர். கேம்ப் ஸ்டவ்வுல தீ ஒரே இடத்துல குவியும், காற்றுல சாயும். ரசம் நிக்காத உயரத்துக்குத் தீ ஏறினாலே பக்கம் ஒழுகிடும். விறகுல கேட்கவே வேண்டாம்.

அஞ்சறைப்பெட்டி

பாத்திரத்தைப் பத்தியே பேசறோம். பாத்திரத்துக்கு வேலையைக் குறைச்சா அதைப் பத்தின கவலையும் பாதி குறையும். தாளிப்பையும் வறுப்பையும் வீட்டிலேயே முடிச்சிடுங்க. மலையில பாத்திரம் செய்ய வேண்டியது தண்ணி கொதிக்கவைக்கிறது மட்டும்னு ஆகிடும்.

உப்புமா, நாலு பேருக்கு: ரவை 300 கிராம் வாசம் வர வறுத்து வையுங்க. 4 மேஜைக்கரண்டி எண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, முந்திரி, கிள்ளின காஞ்ச மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கறிவேப்பிலை மொறுமொறுன்னு ஆகிற வரைக்கும் விடுங்க. ஈரம் இருந்தா ரெண்டாவது நாளே சிக்கு வாடை வரும். அதுல வறுத்த ரவையையும் 2 டீஸ்பூன் உப்பையும் சேர்த்து நல்லா ஆறவிட்டு ஜிப் கவர்ல கட்டுங்க. மலையில 1 லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி, முழுக் கொதி வந்ததும் தீயை அடக்கி, ஒரு கை கிளற மறுகை ரவையைத் தூவணும். மூணு நிமிஷம், மூடி போட்டு இறக்கிடுங்க.

இறக்கின பிறகுதான் முக்கிய வேலை. ஸ்லீப்பிங் மேட்டுல வெட்டின துண்டோ, கனமான துண்டோ பாத்திரத்தைச் சுத்திக் கட்டிப் பத்து நிமிஷம் வையுங்க. தன் சூட்டுல வெந்துடும், அடி பிடிக்காது, கேஸும் மிச்சம். சேமியாவுக்கும் பச்சரிசிக்கும் இதே வழி. அரிசியை அரை மணி ஊறவைக்கணும். புழுங்கலரிசியை மலைக்குக் கொண்டுபோகாதீங்க, வேகற நேரத்துக்கு கேஸ் தாங்காது.

பருப்புன்னா பாசிப்பருப்பு மட்டும். துவரம்பருப்புக்குக் குக்கர் இல்லாம வழி இல்லை. ரசம் சாதத்துக்குப் புளிக்காய்ச்சல் மாதிரி கெட்டியா ரசக் காய்ச்சல் பண்ணி எடுத்துட்டுப் போங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு மேஜைக்கரண்டி, வெந்நீர் ஊத்தினா ரசம். பருப்புப்பொடி, நெய் பாட்டில் இருந்தா வேற ஒண்ணும் வேண்டாம்.

பால்பவுடரைக் கொதிக்கிற தண்ணியில கொட்டினா கட்டி கட்டியாகும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணியில குழைச்சு அப்புறம் சேருங்க. பாலைத் தனியாக் காய்ச்ச வேண்டாம், மெல்லிய பாத்திரத்துல முதல்ல தீயறது பால்தான்.

நீலச்சுடர்

ஸ்டவ்வைப் பேசாமல் பாத்திரத்தை மட்டும் பேசினால் அரைக் கிணறுதான்.

கார் கேம்புக்கு: நீளமான பியூட்டேன் டின் படுக்கவைத்துப் போடும் பெட்டி ஸ்டவ் நல்லது. அதில் பாத்திரத்தின் விட்டம் டின் அறை மேல் வரை நீளக் கூடாது. அகலமான தோசைக்கல்லைப் போட்டால் கல்லின் சூடு கீழே இறங்கி டின்னைச் சுடும். இரண்டு பெட்டி ஸ்டவ்வை ஒட்டிவைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவது அதைவிட ஆபத்து. டின் வெடிக்க இவை இரண்டும் போதும்.

மலைக்கு: டின் தலையில் நேராகத் திருகும் ஸ்டவ் ஒருவருக்கு, இருவருக்குச் சரி. நாலு பேர் பாத்திரம் நிறைந்தால் மூன்று கிலோ. அதை 230 கிராம் டின் மேல், சமமில்லாத தரையில் ஏற்றிக் கிளறினால் கவிழும். உங்களுக்குக் குழாய் வைத்து, தரையோடு மூன்று காலில் நிற்கும் ஸ்டவ் வேண்டும். காற்றுத் தடுப்புத் தகட்டையும் அதைச் சுற்றித்தான் முழுதாக வைக்கலாம், டின் வெளியே தள்ளி இருப்பதால். தலையில் திருகும் ஸ்டவ்வைத் தகட்டால் சுற்றி மூடினால் டின்னும் சேர்ந்து சுடும். டின்னைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

கேஸ் கணக்கு: மூடி போட்டு, காற்று அடங்கிய இடத்தில், 1 லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம். மூடி இல்லாமல் காற்றிலும் வைத்தால் இரட்டிப்பாகும். நாலு பேருக்கு இரண்டு வேளைச் சமையலும் இரண்டு முறை காபியும் என்றால் நாளுக்கு 70, 80 கிராம். ஒரு 230 கிராம் டின் மூன்று நாள் வரும். பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதானால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு கிலோ பனியை உருக்க மட்டும், அந்தத் தண்ணீரைப் பிறகு கொதிநிலைக்குக் கொண்டுபோவதற்கு ஏறக்குறைய சமமான சூடு செலவாகும். அதாவது கேஸ் இரண்டு மடங்கு. உருக்கும்போது முதலில் பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியை அழுத்தி நிரப்பினால் அடியில் உருகிய நீரை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும், அடி காலியாகிக் கருகும்.

டின்னில் என்ன கலவை என்று படியுங்கள். தனி பியூட்டேன் 0 டிகிரி பக்கம் வந்தாலே சோம்பும். அதன் கொதிநிலை மைனஸ் 0.5. ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. கேதார்காந்தாவுக்கு டிசம்பரில் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த திருகு டின் மட்டுமே வேலைக்காகும். இரவில் டின்னை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தீ பற்றும்.

பயணம்: பெங்களூரில் டின் வாங்கி ரயிலில் ஏறாதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். விமானத்தில் கைப்பை, செக்-இன் இரண்டிலும் டின்னுக்கு அனுமதி இல்லை. டேராடூனில் இறங்கி வாங்குங்கள். ஸ்டவ்வை மட்டும் இங்கிருந்து கொண்டுபோகலாம். விமானம் என்றால் எரிபொருள் வாசமே இல்லாமல் சுத்தம் செய்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்குள் சமைக்கவே வேண்டாம். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடுதான் பயம். வாசமும் இருக்காது, இருமலும் வராது, தூங்கினவர் எழமாட்டார்.

அல்சூர்_ஏரி

குக்கர் விஷயம் இன்னும் யாரும் சொல்லலையே? உயரத்துல குக்கர் இல்லாம வேகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

குன்றேறி

உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் என்பதால் நம் வீட்டில் தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கிறது. குமார பர்வதம் 1,712 மீட்டர், அங்கே 94. கர்நாடகத்தின் உயரமான முள்ளய்யனகிரி 1,930 மீட்டர், அங்கே 93-க்கும் 94-க்கும் நடுவில். அதனால் கர்நாடக மலைகளில் குக்கர் இல்லாமலே காலம் தள்ளலாம், பச்சரிசி கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும், அவ்வளவுதான்.

கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர். நீங்கள் கூடாரம் போடுவது 2,700-க்கும் 3,400-க்கும் இடையில். அங்கே 89, 91 டிகிரியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் அரிசி நடுவில் வேகாமல் நிற்கும், துவரம்பருப்பு வேகவே வேகாது. தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும்.

குக்கர் வெயிட் வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கூடுதலாக நிறுத்தும். வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைவு என்பதால், பெங்களூரில் குக்கருக்குள் 119 டிகிரி என்றால் 3,500 மீட்டரில் 114 தான். வேகும், வீட்டைவிட ஒன்றிரண்டு விசில் கூடும்.

ஆனால் அளவைப் பாருங்கள். குக்கரில் மூன்றில் இரண்டுக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு நுரைக்கும் சமையலானால் பாதி. நாலு பேர் பொங்கலுக்கு 200 கிராம் பச்சரிசி, 70 கிராம் பாசிப்பருப்பு, 1.3 லிட்டர் தண்ணீர். மொத்தம் 1.5 லிட்டர் வந்துவிடும். 2 லிட்டர் குக்கரில் போட்டால் விசில் குழாயில் பருப்பு ஏறி அடைக்கும். உங்களுக்கு 3 லிட்டர் வேண்டும், அது ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். நாலு பேர், மூன்று நான்கு நாள் நடைக்கு அந்த எடை தகாது என்பது என் கருத்து. அஞ்சறைப்பெட்டி சொன்ன மாதிரி உணவை மாற்றிக்கொண்டால் குக்கரே வேண்டாம்.

எவர்சில்வர்

அங்கதான் ஒத்துப்போக மாட்டேன். மூணு வேளையும் ரவையும் சேமியாவும் அவலுமா இருந்தா ரெண்டாவது நாளே வயிறு கேட்கும். குளிர்ல நடந்து வந்தவனுக்குச் சூடா குழைஞ்ச பருப்பு சோறு வேணும். குக்கர்ல பத்து நிமிஷத்துல முடியுற வேலைக்குத் திறந்த பாத்திரத்துல அரை மணி கேஸ் எரியும். டின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டா வித்தியாசம் பாதியாயிடும். எட்டு பேர் கூட்டம்னா குக்கர்தான் லாபம்.

நீலச்சுடர்

எட்டு பேர் என்றால் சரி. நாலு பேர், மூன்று நாள் என்றால் மிச்சமாகும் கேஸ் ஒரு டின்னுக்குக் கூட வராது. 230 கிராம் டின் காலி இரும்போடு சேர்த்தே 400 கிராமுக்குள். குக்கர் எடையை அது ஈடு செய்யாது. கார் கேம்புக்கு மட்டும் எடுங்கள். வெளியே எடுத்துப்போகும் முன் கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் பாருங்கள். கேதார்காந்தா நடை தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் உங்கள் கம்பெனி கேஸ்கட்டைத் தேட முடியாது.

மத்திகெரே_மைனா

நான்ஸ்டிக் பத்தி யாராவது சொல்லுங்க. செட்டுல வர்ற குட்டி வாணலி எல்லாமே நான்ஸ்டிக்தான்.

குன்றேறி

டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். கேம்ப் ஸ்டவ்வின் தீ உள்ளங்கை அகலத்தில் குவிவதால், மெல்லிய வாணலியை வெறுமனே வைத்தால் ஓரிரு நிமிடத்தில் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். எண்ணெயை ஊற்றிவிட்டு ஏற்றுங்கள், மரக்கரண்டி மட்டும். பைக்குள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது இடையில் துணி வைக்காவிட்டால் பூச்சு கீறிப் போகும். மலைக்கு வாணலியே தேவையில்லை.

காரில் போனால் 22 செ.மீ. இரும்புத் தோசைக்கல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள், அப்படியே மூட்டை கட்டினால் வீடு வருவதற்குள் துரு.

அஞ்சறைப்பெட்டி

கைப்பிடி பத்தி ஒரு வார்த்தை. மடக்குக் கைப்பிடியில சிலிக்கான் உறை இருந்தா, காத்துல தீ சாயும்போது அது கருகும். நிறைஞ்ச பாத்திரத்தைத் தூக்கும்போது கைப்பிடி தானா மடங்குதான்னு கடையிலயே தண்ணி பாட்டிலை உள்ள வச்சுத் தூக்கிப் பாருங்க. நம்ம வீட்டு இடுக்கி இருந்தா கைப்பிடியே இல்லாத பாத்திரம் கூடப் போதும். விளிம்பு மட்டும் வெளிப்பக்கம் மடிஞ்சு இருக்கணும், இல்லைன்னா இடுக்கி வழுக்கும்.

அப்புறம் கழுவறது. விறகுல வைக்கிற பாத்திரத்துக்கு அடியில, வெளிப்பக்கம், ஈர மண்ணைக் குழைச்சுப் பூசிட்டு அடுப்புல ஏத்துங்க. கரி மண்ணோட உதிர்ந்துடும். எவர்சில்வருக்குச் சாம்பலும் பூசலாம். அலுமினியத்துக்குச் சாம்பல், சோடா ரெண்டும் ஆகாது. காரம் அந்த ஹார்ட் அனோடைஸ்டு படலத்தையே தின்னும். கம்பி நாரும் வேண்டாம், தேங்காய் நார் போதும். அடி பிடிச்சா சுரண்டாதீங்க, தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு ஊறவையுங்க.

ஓடையில நேரா கழுவாதீங்க. பாத்திரத்துல தண்ணி மொண்டு, ஓடையிலேர்ந்து அறுபது மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி, பருக்கையை வடிகட்டிக் குப்பைப் பையில போட்டுட்டு வாங்க. கீழ ஊர்ல அதே தண்ணியைத்தான் குடிக்கிறாங்க.

குன்றேறி

விறகு என்றதும் சொல்லியாக வேண்டும். விறகடுப்பு என்பது எஸ்டேட்டுக்குள், சொந்தக்காரர் அனுமதித்த இடத்தில் மட்டும். குமார பர்வதம் புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. குதிரேமுக் தேசியப் பூங்கா. இங்கெல்லாம் தீ மூட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சோலையை ஒட்டிய புல்வெளி காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் கேஸ் ஸ்டவ்வைக் கூடப் புல் மேல் வைக்காதீர்கள். பாறை, இல்லாவிட்டால் செதுக்கிய வெறும் மண், பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர்.

அல்சூர்_ஏரி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இதுதான் பட்டியல், சரி பாருங்க.

கார்: 3 லிட்டர் எவர்சில்வர் தூக்கு, 20 கேஜ், ரிவெட் காது. 3 லிட்டர் குக்கர். 22 செ.மீ. இரும்புக்கல். இடுக்கி. பெட்டி ஸ்டவ்.

மலை: 2.5 லிட்டர் ஹார்ட் அனோடைஸ்டு ஒண்ணு, 1.5 லிட்டர் ஒண்ணு. குட்டி வாணலி ஒண்ணு. நாலு எவர்சில்வர் டம்ளர், நாலு தட்டு. குழாய் ஸ்டவ், டேராடூன்ல மூணு டின்.

குன்றேறி

மலைப் பட்டியலில் வாணலியை எடுத்துவிடுங்கள். தட்டும் வேண்டாம், ஆளுக்கு ஒரு ஆழமான கிண்ணம் போதும், உப்புமாவும் ரசமும் அதிலேயே. 1.5 லிட்டர் பாத்திரத்தைக் குடிநீருக்கும் காபிக்கும் மட்டும் ஒதுக்குங்கள், பெருங்காயம் ஏறிய பாத்திரத்தில் உருக்கிய பனித்தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். இரண்டுக்கும் மூடி கட்டாயம். 1.5 லிட்டர், 2.5 லிட்டருக்குள் அடங்குகிறதா, அதற்குள் டின் ஒன்று போகிறதா என்று கடையிலேயே அடுக்கிப் பாருங்கள். சர்ஜாபூர் ரோடு டெகாத்லானில் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

கிளம்பும் முன் பால்கனியில் அதே ஸ்டவ், அதே பாத்திரம், அதே ரவைப் பொட்டலத்தோடு ஒரு முறை முழுதாகச் செய்து பாருங்கள். டின்னைத் தராசில் நிறுத்தி, முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொண்டால் உங்கள் கேஸ் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீலச்சுடர்

மூன்று டின் என்பது பனி உருக்காமல் இருந்தால் தாராளம். கூடாரம் போடும் இடத்தில் ஓடை உறையாமல் இருக்குமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். உறையும் என்றால் நாலு. வாங்கும்போது ஸ்டவ்வைத் திருகிப் பாருங்கள். நீளமான பியூட்டேன் டின்னின் வாய் வேறு, திருகு டின்னின் வாய் வேறு.

அல்சூர்_ஏரி

கடைசியா ஒண்ணு. காபி ஃபில்டர் எடுத்துட்டுப் போகலாமா? அந்த உயரத்துல டிகாஷன் இறங்குமா?

அஞ்சறைப்பெட்டி

நல்லாவே இறங்கும். காபிக்கு 90 டிகிரி வெந்நீர் போதும், அந்த உயரத்துல கொதிக்கிற தண்ணி அந்தச் சூட்டுலதான் இருக்கும். சின்ன எவர்சில்வர் ஃபில்டர், நாலு பேருக்கு 4 மேஜைக்கரண்டி பொடி, லேசா அழுத்தி, 200 மில்லி வெந்நீர். பொடி ரொம்ப நைசா இருந்தா அடைச்சுக்கும், கொஞ்சம் நறநறப்பா அரைச்சு வாங்குங்க. வெளியில வச்சா இறங்குறதுக்குள்ள ஐஸ் மாதிரி ஆயிடும். உப்புமாவுக்குக் கட்டின அதே துண்டை ஃபில்டருக்கும் சுத்தி, இருபது நிமிஷம் விடுங்க. பாலைச் சேர்த்த பிறகு மறுபடி கொதிக்கவிடாம, சூடு மட்டும் ஏத்தி இறக்குங்க.